கறுப்பு காருக்கு எந்த பேடு, எந்த பாலிஷ்?

கேள்வி கேட்டவரின் நிலைமை இதுதான். ஏழு வருடம் ஓடிய கறுப்பு ஹோண்டா சிட்டி. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போலக் கீறல். 15 மி.மீ. த்ரோ (ஆட்டத்தின் அகலம்) உள்ள டிஏ மெஷின், அதாவது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற பாலிஷ் மெஷின் ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டார். அதன் முகத்தில் ஒட்டும் பேடு வாங்கக் கடைக்குப் போனால் மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு, நீலம் என்று ஐந்து நிறம். கூடவே காம்பவுண்ட் (முரட்டு ரகம்), மீடியம், ஃபினிஷ் (மெருகு ரகம்) என்று மூன்று பாலிஷ் பாட்டில். பில் தொகையைக் கேட்டதும் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டார். எந்த பேடுக்கு எந்த பாலிஷ், எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று கேட்கிறார்.

பாட்டிலைக் குறையுங்கள், பேடைக் கூட்டுங்கள். ஒரு மீடியம் பாலிஷ், ஒரு ஃபினிஷிங் பாலிஷ், ஆறு பேடு. கோவையில் சின்னதாக ஒரு டீடெய்லிங் ஷெட் வைத்திருக்கிறேன். வருகிற பத்து காரில் ஏழெட்டு கார் இந்த இரண்டு பாட்டிலிலேயே முடிந்துவிடும். காம்பவுண்ட் பாட்டிலின் அடியில் மாவுபோலப் படிந்து, மாதத்துக்கு ஒருமுறை குலுக்கி வைக்கிறேன், அவ்வளவுதான் அதற்கு வேலை.

எதன்மேல் மெஷினை வைக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட், பிரைமரிலிருந்து கிளியர் கோட் வரை எல்லா அடுக்கும் சேர்ந்து, பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். ஜெராக்ஸ் கடைத் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது தாளில் பாதி. வெயிலைத் தாங்குவது இந்தப் பாதித் தாள்தான். பாலிஷ் போடுவது கீறலை நிரப்பும் வேலை இல்லை. கீறலைச் சுற்றியிருக்கும் மேட்டைச் சீவிச் சீவிப் பள்ளத்தின் அளவுக்கு இறக்கும் வேலை. பக்குவமாகச் செய்தால் ஓரிரு மைக்ரான் போகும். தீபாவளிக்குத் தீபாவளி முரட்டு ரப்பிங் போடுகிற காரில் ஐந்தாறு வருடத்தில் பானெட் தோல் உரிவது இதனால்தான்.

அந்தச் சிலந்தி வலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீறல் வட்ட வட்டமாக விழுந்திருக்கிறது என்று நினைத்து, காரை வட்டமாகத் துடைத்தவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. வட்டமே கிடையாது. எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடுகிற நேர்க்கீறல்கள்தான். ஒளிக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டும் மின்னுவதால் ஒளியைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும். வீட்டில் எவர்சில்வர் தட்டை ஜன்னல் பக்கம் திருப்பினாலும் இதே வலைதான். இந்த ரகக் கீறல் எல்லாமே மேலோட்டமானது, மெஷினுக்குக் கட்டுப்படும். விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுகிற கீறல் மட்டும் ஆழமானது. அதை விட்டுவிடுங்கள். அதைத் துரத்திப் போய் கிளியர் கோட்டைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

இனி பேடு. கம்பளி, மைக்ரோஃபைபர், நுரை என்று மூன்று வகை. கம்பளி வேகமாக வெட்டும், அதே வேகத்தில் தன் தடத்தையும் விட்டுப் போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பெயிண்டுக்கும் டிங்கரிங் பட்டறை ரோட்டரிக்கும் (ஆடாமல் ஒரே அச்சில் சுற்றும் மெஷின்) அது சரி, உங்களுக்கு வேண்டாம். மைக்ரோஃபைபர் பேடு டிஏ மெஷினில் நன்றாக வெட்டும். ஆனால் கறுப்பு காரில், அதுவும் பெயிண்ட் மென்மையாக இருந்தால், பாலாடை படிந்தது போல ஒரு மங்கலை விட்டுச் செல்லும். அதை எடுக்க மறுபடி ஒரு சுற்று. ஆகவே உங்கள் வேலை பெரும்பாலும் நுரையில்தான்.

நுரை பேடில் எல்லோரும் ஏமாறுகிற இடம் நிறம். மஞ்சள் என்றால் முரடு, கறுப்பு என்றால் மென்மை என்று யாரோ சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அது ஒரு கம்பெனியின் கணக்கு. லேக் கன்ட்ரியில் மஞ்சள் நன்றாக வெட்டும் பேடு, ஆரஞ்சு அதற்குக் கொஞ்சம் கீழே, வெள்ளை பாலிஷுக்கு, கறுப்பு ஃபினிஷுக்கு. இத்தாலிக்கார ரூபெஸில் முரட்டு நுரையின் நிறம் நீலம். பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை அதைவிட மென்மை. 3எம் பேடுகளில் தலைகீழ்: பச்சை வெட்டுவதற்கு, மஞ்சள் பாலிஷுக்கு, நீலம் கடைசி ஃபினிஷுக்கு. ரூபெஸ் நீலத்தை 3எம் நீலம் என்று நினைத்துக் கறுப்பு காரின் கடைசிச் சுற்றில் வைத்தால் என்ன ஆகும்? பேர் தெரியாத பேடுகள் ஆன்லைனில் ஐந்து நிறம் ஐந்து ரூபாய் பலூன் மாதிரி வருகின்றன. அவற்றில் நிறத்துக்கு அர்த்தமே இல்லை. கையில் வாங்கினால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்து நிற்பது வெட்டும், அமுங்கி மெதுவாக எழுவது மெருகேற்றும். நான் ஷெட்டில் நிறத்தைச் சொல்லவே விடுவதில்லை. பேடின் முதுகில் மார்க்கரால் ‘வெட்டு’, ‘பாலிஷ்’, ‘ஃபினிஷ்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் முதல் வாரம் சிரித்தான், இரண்டாவது வாரம் அவனே எழுத ஆரம்பித்துவிட்டான்.

அளவும் முக்கியம். உங்கள் மெஷினின் பேக்கிங் பிளேட் (பேடு ஒட்டும் வட்டத் தட்டு) ஐந்து அங்குலம் என்றால் ஐந்தரை அங்குல பேடு வாங்குங்கள். ஆறரை அங்குலம் போட்டால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். மெஷின் திணறி பேடு சுற்றுவதையே நிறுத்திவிடும். தூண், கண்ணாடிக் காது, பம்பர் மூலைக்கு மூன்று அங்குலம் வேண்டும்தான், ஆனால் அதற்குத் தனி மெஷின். இப்போதைக்கு அந்த இடங்களைக் கையால் போடுங்கள்.

பாட்டிலுக்கு வருவோம். உள்ளே இருப்பது எண்ணெய்ப் பசையில் கலந்த நுண்ணிய அரைதூள், பெரும்பாலும் அலுமினா. இதில் இரண்டு குணம் உண்டு. ஒன்று, தேய்க்கத் தேய்க்கத் துகள் உடைந்து பொடியாகி, முரட்டில் ஆரம்பித்து மெருகில் முடிகிற வகை. ஜெர்மனியின் மென்சர்னா இதற்குப் பேர் போனது. இதைப் பாதியில் நிறுத்தினால் துகள் உடையாமல் நின்று கீறலை விட்டுவிடும், கடைசிவரை ஓட்ட வேண்டும். இன்னொன்று, துகள் ஆரம்பத்திலிருந்தே மிக நுண்ணியதாக, ஒரே அளவில், உடையாமல் இருப்பது. மெகுவியர்ஸின் எம்105, எம்205 இந்த வகை. பேடும் ஈரமும் இருக்கும்வரை வெட்டிக்கொண்டே இருக்கும், எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இரண்டாவது வகை சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். முதல் வகையில் அழகான வேலை வரும், ஆனால் பொறுமை வேண்டும்.

லேபிளில் ‘பி1500 கீறலை நீக்கும்’, ‘பி2000 கீறலை நீக்கும்’ என்று போட்டிருப்பார்கள். அந்த நம்பர் உப்புத்தாளின் நம்பர். எண் குறைய முரடு கூடும். உங்கள் காரில் யாரும் உப்புத்தாள் போடவில்லை அல்லவா, பி1200 என்று போட்ட பாட்டில் உங்களுக்கு எதற்கு? ‘ஒரே பாட்டிலில் பாலிஷும் வாக்ஸும்’ என்று வருவதை வெள்ளை, வெள்ளி நிற காருக்கு நான் தாராளமாகப் போடுகிறேன். கறுப்பில் வேண்டாம், கீறலை எடுத்திருக்கிறதா, வாக்ஸால் மூடியிருக்கிறதா என்று தெரியாது. மூடியது மூன்று நான்கு வாஷில் வெளியே வந்துவிடும்.

எந்த பேடுக்கு எந்த பாலிஷ் என்ற கேள்வியே கொஞ்சம் பிசகு. ஒரே மாவுதான், இட்லித் தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை. அதே மீடியம் பாலிஷை ஆரஞ்சு நுரையில் வைத்தால் வெட்டும், மென்மையான பாலிஷ் பேடில் வைத்தால் மெருகேற்றும், மைக்ரோஃபைபரில் வைத்தால் காம்பவுண்ட் பக்கம் போய்விடும். ஒரு பாட்டிலும் மூன்று பேடும் இருந்தால் மூன்று விதமான வேலை. ஒரு பேடும் மூன்று பாட்டிலும் இருந்தால், முதல் பாட்டில் பேடுக்குள் ஊறியபிறகு மற்ற இரண்டும் கலப்படம்தான். காசை பேடில் போடுங்கள் என்று நான் சொல்வது இதற்காக.

உங்கள் காருக்கு எந்தக் கூட்டணி சரி என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது, கார்தான் சொல்லும். ஜப்பானிய கார்களின் பெயிண்ட் மென்மை, ஜெர்மன் கார்களின் பெயிண்ட் கடினம் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்வது. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் இடையில் ஒரு கதவையோ பம்பரையோ டிங்கரிங் பார்த்து மறுபடி அடித்திருந்தால் அந்த பேனல் தனிக் குணம். ஆகவே சோதனைக் கட்டம் போட்டே ஆக வேண்டும்.

காரை நன்றாகக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டு, கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்குகிற நிலைக்குக் கொண்டுவாருங்கள். கிளே போடாமல் மெஷின் வைத்தால், ஒட்டியிருக்கும் இரும்புத்தூளை நீங்களே பேடால் இழுத்துத் தேய்ப்பீர்கள். பிறகு பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கட்டம் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். மென்மையிலிருந்து தொடங்குங்கள்: பாலிஷ் பேடு, ஃபினிஷிங் பாலிஷ். புது பேடு என்பதால் முகம் முழுக்கக் கொஞ்சம் பாலிஷைத் தடவி விரலால் தேய்த்து ஊற விடுங்கள். அதன்மேல் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெஷினை அணைத்தபடியே கட்டத்தில் நாலு இடத்தில் ஒற்றிவிட்டு, ஒன்றாம் நம்பரில் பரப்பி, பிறகு நாலரை ஐந்துக்கு ஏற்றுங்கள்.

கையின் வேகம்தான் பலருக்கும் பிரச்சினை. வீடு பெருக்குகிற வேகத்தில் ஓட்டுவார்கள். நொடிக்கு ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு. ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறி வர வேண்டும். கட்டம் முழுக்க இடம் வலமாக ஒரு சுற்று, மேலும் கீழுமாக அடுத்த சுற்று, இப்படி நான்கிலிருந்து ஆறு. பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றிச் சுற்றி வருவது தெரிய வேண்டும். கோடு நின்று வெறுமனே நடுங்கினால் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது மெஷினைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். டிஏ சுற்றுவதை நிறுத்தினால் வெட்டுவதையும் நிறுத்திவிடும், சத்தம் மட்டும் வரும். வெள்ளைப் பசையாக இருந்த பாலிஷ் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியில் எண்ணெய் தடவிய மாதிரி தெளிந்து வரும். அதுதான் அடையாளம்.

துடைத்துவிட்டு உடனே பார்த்து ஏமாறாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நான்கைந்து பங்கு கலந்து தெளித்துத் துடைத்தபிறகு, ஒற்றை எல்இடி டார்ச்சில் பாருங்கள், அல்லது வெயிலுக்குத் தள்ளிப் போய்ப் பாருங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே எல்லா காரும் புது கார்தான். ஒருமுறை வேறொரு இடத்தில் பாலிஷ் போட்டு டெலிவரி எடுத்த கார் ஒன்று நேராக என்னிடம் வந்தது. நிழலில் பளபள. வெளியே இழுத்தால் பானெட் முழுக்க அலை அலையாக ஹாலோகிராம் (மெஷின் விட்டுப்போன தடம்), ரோட்டரியை முரட்டு பேடோடு ஓட்டி, ஃபினிஷ் சுற்று போடாமலே ஒப்படைத்திருக்கிறார்கள். ஃபினிஷிங் பேடும் பாலிஷும் வைத்தே அதை எடுத்தோம், வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

கட்டத்துக்குள் முக்கால்வாசிக் கீறல் போயிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், அதே கூட்டணியில் கார் முழுக்க ஓட்டலாம். போகவில்லையா? பேடை மாற்றாமல் மீடியம் பாலிஷ். அதுவும் போதவில்லையா? அதே மீடியம் பாலிஷ், ஆரஞ்சு போன்ற வெட்டும் பேடு. இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. அதன்பிறகு கறுப்பு என்பதால் மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷுமாக ஒரு சுற்று கட்டாயம். அதையும் தாண்டிப் போக வேண்டி வந்தால்தான் மைக்ரோஃபைபரும் காம்பவுண்டும். நூற்றுக்கு நூறு வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். தினம் ரோட்டில் ஓடுகிற கார், அடுத்த மாதம் புதுக் கீறல் வரத்தான் போகிறது. மிச்சமிருக்கும் கிளியர் கோட் திரும்ப வராது.

ஆறு பேடு ஏன் என்றால்: சீவி எடுத்த பெயிண்ட் எங்கே போகும்? பேடுக்குள்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு பேடு பிரஷ்ஷால் முகத்தைத் தேய்த்துத் தட்டுங்கள், அப்படியும் இரண்டு பெரிய பேனலுக்கு மேல் ஒரு பேடு தாங்காது. ஊறி, சூடேறி, பிசுபிசுத்துப் போன பேடில் எவ்வளவு நல்ல பாலிஷ் போட்டாலும் தூசியாகத் தெறிக்கும். வெட்டும் பேடு இரண்டு, பாலிஷ் பேடு இரண்டு, ஃபினிஷ் பேடு இரண்டு. முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டுப் பிழிந்து, முகம் கீழே பார்க்க நிழலில் காய வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் போட்டு வைத்தால் வெல்க்ரோ பசை விட்டுப்போகும்.

சூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ரோட்டரி வைத்துக்கொண்டு ஒரு பின் பம்பரின் மூலையில் சின்னக் கறையைத் துரத்தினேன். அந்த இடத்திலேயே நாலைந்து நொடி கூட நின்றுவிட்டேன். இரும்புத் தகடாக இருந்தால் சூடு பரவிப் போய்விடும். பம்பர் பிளாஸ்டிக், சூடு அங்கேயே நின்றது. பேடில் திடீரென்று சிவப்பு. கார் சிவப்பு. கிளியர் கோட்டைத் தாண்டி நிறத்துக்குள் போய்விட்டேன் என்று புரிவதற்குள் எட்டணா அளவுக்கு மங்கிப் போயிருந்தது. சொந்தச் செலவில் பம்பரை அடித்துக் கொடுத்தேன். டிஏ அவ்வளவு கொடூரம் இல்லைதான், ஆனாலும் பம்பரிலும், பானெட்டின் கோட்டு மடிப்புகளிலும், கதவு விளிம்பிலும் அழுத்தவே அழுத்தாதீர்கள்; அந்த முனைகளில் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது மேல். கறுப்பு ரப்பர் பீடிங்கிலும் சொரசொரப்பு பிளாஸ்டிக்கிலும்கூட ஒட்டுங்கள், பாலிஷ் பட்டால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். புறங்கையை பேனலில் வைத்துப் பாருங்கள், வைத்த கையை எடுக்கத் தோன்றினால் அந்த பேனலை விட்டு அடுத்ததற்குப் போங்கள். பேடில் பெயிண்டின் நிறம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது உங்கள் காருக்குப் பொருந்தும். பழைய அம்பாசடர் மாதிரி கிளியர் கோட்டே இல்லாத ஒற்றைப் பூச்சில் நிறம் வருவது சகஜம்.

பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரை நண்பர் யாரிடமாவது வாங்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 80க்குக் கீழே காட்டுகிற இடத்தில் ஃபினிஷ் பாலிஷுக்கு மேல் எதையும் வைக்க வேண்டாம். 200க்கு மேல் என்றால் மறு பெயிண்ட். 500, 600 என்றால் கீழே அடிபட்ட இடத்தை நிரப்பிய பட்டி இருக்கிறது, பழைய கார் வாங்கியவர் அப்போது வாய் திறந்து எதையாவது சொல்வார். பிளாஸ்டிக் பம்பரில் அந்த மீட்டர் வேலை செய்யாது.

போர்வெல் தண்ணீர்க் கறை இருந்தால் மெஷினைத் தொடுவதற்கு முன் அதைக் கவனியுங்கள். அது சுண்ணாம்பு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து, நிழலில், சூடில்லாத பேனலில் ஒரு நிமிடம் வைத்துக் கழுவினால் பாதி போய்விடும். போகாத மீதி பெயிண்டைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், அதற்குத்தான் பாலிஷ். வேலையைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் நம்மூர் வெயிலில் பாலிஷ் இரண்டாவது சுற்றிலேயே காய்ந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் பாதுகாப்புப் பூச்சாக வாக்ஸா, சீலன்டா, செராமிக்கா என்பது உங்கள் பட்ஜெட். ஏதாவது ஒன்று போடுங்கள். ஆனால் கீறல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? அபார்ட்மென்டில் காலையில் ஒரே பக்கெட் தண்ணீரில் பன்னிரண்டு காரைத் துடைக்கும் அண்ணன் இருந்தால், தூசியோடு ஈரத்துணியால் அவர் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் ஒரு கீறல். என் கறுப்பு காரை இனிமேல் துடைக்க வேண்டாம், மாசக் காசு மட்டும் வழக்கம்போல வாங்கிக்கொள்ளுங்கள் என்று எங்கள் அபார்ட்மென்ட் அண்ணனிடம் சொன்னேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து கேட்டார்: “சும்மா காசு வாங்க ஒரு மாதிரியா இருக்கு சார், கண்ணாடி மட்டுமாவது துடைக்கட்டுமா?”